செருப்பு முனையில் ஒரு துண்டுத்தாள்



போன மாதம் கோவையிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே பழைய நாளிதழ், அதன்மேல் பிரவுன் தாள், அதற்கும் மேலே சணல் கயிறு. அவிழ்ப்பதற்குள் டீ ஆறிவிட்டது. அனுப்பியவர் நம் நெடுநாள் வாசகர். உள்ளே ஒரு புகைப்படப் புத்தகம். முதல் பக்கத்தில் பென்சிலில் ஒரே வரி: படித்துவிட்டுத் திருப்பி அனுப்பவும். பென்சில் எழுத்துதான், ஆனால் அதிலிருந்த கண்டிப்பு எங்கள் கணக்குப் பிரிவுக்குக்கூட வராது.

கனடாக்காரர் பால் சால்ட்ஸ்மன் 2000இல் வெளியிட்ட 'தி பீட்டில்ஸ் இன் ரிஷிகேஷ்' என்ற புத்தகம் அது. 1968 பிப்ரவரியில் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் நால்வரும் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தங்கியிருந்தபோது எடுத்த படங்கள். மூன்று வாரமாக என் மேஜையில் கிடக்கிறது. தலையங்கத்துக்கு வேறு விஷயம் யோசித்து வைத்திருந்தேன். அதை எழுத உட்காரும்போதெல்லாம் கை இதைப் புரட்டப் போய்விடுகிறது. சரி, இதையே எழுதிவிடுவோம் என்று தோன்றிவிட்டது.

முதல் தடவை புரட்டியபோது எனக்கு ஏமாற்றம்தான். நால்வரும் படங்களில் ஒன்றுமே செய்யவில்லை. படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெயில் காய்கிறார்கள். யாரோ ஏதோ சொல்ல, யாரோ கேட்கிறார்கள். கிட்டார் இருக்கிறது, அதுவும் மடியில் பூனைக்குட்டி மாதிரி கிடக்கிறது. கல்யாண வீட்டில் முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் ஆண்கள் திண்ணையில் சாய்ந்திருப்பார்களே, அந்தத் தோரணை. இவர்கள்தான் அந்தச் சில வாரங்களில் ஒரு இரட்டை இசைத்தட்டின் பெரும்பங்குக்கு வித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று படத்தை மட்டும் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டாம் தடவை புரட்டியபோதுதான், ஏமாற்றம் படங்களால் வந்ததில்லை, ஒரு மனிதர் எதையாவது உருவாக்கிக்கொண்டிருக்கும்போது எப்படித் தெரிவார் என்று எனக்குள் ஊறிப்போயிருந்த எண்ணத்தால் வந்தது என்று பிடிபட்டது. அதற்கு நானும் பொறுப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

படம் எடுத்தவரின் கதையே ஒரு சிறுகதை. அப்போது சால்ட்ஸ்மனுக்கு இருபது சொச்சம் வயது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக எடுத்த ஆவணப்படத்தில் ஒலிப்பதிவுக்காரராக இந்தியாவுக்கு வந்தவர். வந்த இடத்தில் ஊரிலிருந்து காதலியின் கடிதம் வருகிறது: எல்லாம் முடிந்தது. பையன் இடிந்துபோகிறான். தியானம் பழகினால் மனசு ஆறும் என்று யாரோ சொல்ல, ரிஷிகேஷுக்குப் போகிறான். ஆசிரமக் கதவு சாத்தியிருக்கிறது. பீட்டில்ஸ் உள்ளே இருக்கிறார்கள், யாருக்கும் அனுமதி இல்லை. எட்டு நாள் கதவுக்கு வெளியே கூடாரத்தில் கிடக்கிறான். ஒருவழியாக உள்ளே விடுகிறார்கள், தியானம் சொல்லித் தருகிறார்கள், அதற்குப் பிறகுதான் பீட்டில்ஸ் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போய் 'நானும் உட்காரலாமா' என்று கேட்கிறான்.

பத்திரிகைக்காரர்கள் வெளியே கும்பலாக நின்றிருந்த நேரம் அது. பெரிய கேமரா வைத்திருந்தவர்கள் எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம். உள்ளே இருந்தவனிடமோ விலை மலிவான ஒரு பென்டாக்ஸ். ஒரு வாரம் அவர்களோடு இருந்து மொத்தம் எடுத்தது ஐம்பத்துச் சொச்சம் படங்கள்தான். அந்தக் காலத்தில் ரோல் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். 36 படம் ஒரு ரோல். ஆக, சுமார் ஒன்றரை ரோல். இன்றைக்கு ஒரு பிறந்தநாள் கேக் வெட்டி முடிப்பதற்குள் நாம் அதற்கு மேல் எடுத்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் ஒரு ரோல் தீபாவளிக்கு ஆரம்பித்துச் சித்திரைத் திருவிழாவில் முடியும். கடைசி இரண்டு படம் மிச்சம் இருக்கிறது என்று அப்பா ஸ்டூடியோவுக்குக் கழுவக் கொடுக்காமலே வைத்திருப்பார். கடைசியில் அந்த இரண்டையும் மாட்டையும் முருங்கை மரத்தையும் எடுத்துத் தீர்ப்போம்.

பிறகு அந்த ஸ்லைடுகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்த சால்ட்ஸ்மன் முப்பது வருஷத்துக்கு மேல் அதைத் திறக்கவே இல்லை. காட்டிப் பெருமையடித்துக்கொள்ளவில்லை. வளர்ந்து பீட்டில்ஸ் பாட்டில் விழுந்த மகள், 'அப்பா, நீங்கள் அவர்களோடு இருந்தது நிஜமா' என்று கேட்ட பிறகுதான் பெட்டி வெளியே வந்தது. நம் வீட்டுப் பரண்களில் என்னென்ன கிடக்கின்றனவோ!

இப்போது அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ரிஷிகேஷ் என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் சுவாமி சிவானந்தர். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் 1887இல் பிறந்தவர். பாய்க்குப் பேர்போன அதே பத்தமடை. மலாயாவில் டாக்டராக இருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கங்கைக் கரைக்குப் போனார். 1936இல் அங்கே தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். மகரிஷியின் ஆசிரமம் ஆற்றின் எதிர்க்கரையில், மேட்டில். இரண்டுக்கும் அமைப்பு ரீதியாக ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் ஒரு நூல் ஓடுகிறது. 1965 பிப்ரவரி 25 அன்று பஹாமாஸ் தீவில் 'ஹெல்ப்!' படப்பிடிப்பில் இருந்த பீட்டில்ஸிடம் காவி உடுத்திய ஒருவர் வந்து யோகா பற்றிய தன் புத்தகத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அவர் சுவாமி விஷ்ணுதேவானந்தா, நம் பத்தமடைக்காரரின் சீடர். அன்று ஜார்ஜ் ஹாரிசனுக்கு 22ஆவது பிறந்தநாள். சரியாக மூன்று வருஷம் கழித்து, அதே தேதியில், ஜார்ஜ் தன் 25ஆவது பிறந்தநாளை ரிஷிகேஷில் கொண்டாடினார். இன்னொன்றும் உண்டு: மகரிஷி தன் ஆன்மிக மறுமலர்ச்சி இயக்கத்தைத் தொடங்கிவைத்த ஊர் சென்னை, 1957 முடிந்து 1958 பிறக்கும் வேளையில். ராக் இசைப் புத்தகத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு எழுதப்போகும் நண்பர்களுக்காக இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

பீட்டில்ஸின் உச்சகட்டப் படைப்புக் காலம் அந்த ரிஷிகேஷ் வாரங்கள்தானா என்று எங்கள் அலுவலகத்திலேயே சண்டை. பக்க வடிவமைப்பு செய்யும் தம்பி இந்த விஷயத்தில் வெறியர். 'சார், அதெல்லாம் 66, 67தான்' என்கிறார். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கச்சேரி முடித்ததோடு ஊர் ஊராகப் போய் வாசிப்பதையே விட்டுவிட்டு லண்டன் ஸ்டூடியோவுக்குள் புகுந்துகொண்டார்கள். அதே வருஷம் ஏப்ரலில் 'டுமாரோ நெவர் நோஸ்' பதிவானபோது, ஒலிநாடாவை வளையமாக ஒட்டி, கட்டடம் முழுக்க இருந்த டேப் ரெக்கார்டர்களில் ஓடவிட்டு, நாடா தொய்ந்துவிடாமல் இருக்க ஊழியர்கள் பென்சிலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டுக்கு இரண்டு பதிவுகள். வேகமும் வேறு, சுருதியும் வேறு. ஜான் லென்னனுக்கு ஒன்றின் தொடக்கமும் இன்னொன்றின் முடிவும் பிடித்துப்போக, இரண்டையும் ஒட்டிக் கொடுங்கள் என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் ஒன்றின் வேகத்தைக் கூட்டி மற்றதைக் குறைத்துப் பார்த்தபோது சுருதி ஒட்டிக்கொண்டது. பாட்டு தொடங்கி ஒரு நிமிஷ வாக்கில் வரும் அந்த ஒட்டு, தெரிந்தவர் காதுக்கு இன்றும் தெரியும்.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இது. அந்தக் காலத்துக்கும் படப் புத்தகங்கள் உண்டு. ஹென்றி கிராஸ்மன் 1967இல் ஒரே ஒரு மாலை ஸ்டூடியோவுக்குள் எடுத்த படங்களே தனிப் புத்தகமாக வந்திருக்கின்றன. ஆனால் ஸ்டூடியோவில் பாதி வேலையை இயந்திரம் செய்தது, வெள்ளைக் கோட்டுப் போட்ட தொழில்நுட்பர்கள் செய்தார்கள், மார்ட்டின் செய்தார். ரிஷிகேஷில் இயந்திரம் இல்லை. கிட்டார், அதுவும் மின்சாரம் வேண்டாத மரக்கிட்டார். தொலைக்காட்சி கிடையாது, மேனேஜர் கிடையாது. அவர்களை வழிநடத்திய பிரையன் எப்ஸ்டைன் முந்தின ஆகஸ்டில்தான் இறந்துபோயிருந்தார். கையில் ஒன்றும் இல்லாதபோது ஒரு பாட்டுக்காரனிடம் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டுமானால் இந்த வாரங்களைத்தான் பார்க்க வேண்டும். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாமலே இந்தப் பக்கத்தை அழகாக வடிவமைத்துக் கொடுத்திருக்கிறார்.

அங்கே பாட்டு பிறந்த விதத்தைக் கேட்டால், எல்லாம் அக்கம்பக்கத்துச் சமாச்சாரம். நடிகை மியா ஃபாரோவின் தங்கை புரூடன்ஸ் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நாள்கணக்கில் தியானத்தில் மூழ்கிவிட்டார், சாப்பிடக்கூட வெளியே வரமாட்டேன் என்கிறார். அவரை வெளியே கூப்பிட ஒரு பாட்டு. ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு அமெரிக்க இளைஞர் தாயோடு காட்டுக்குப் போய்ப் புலியைச் சுட்டுவிட்டு வந்து தியானத்தில் உட்கார்ந்தார். அவரைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு. தூக்கம் வரவில்லை, அதற்கும் ஒரு பாட்டு. ஸ்காட்லாந்துப் பாடகர் டோனவன் அங்கே வந்திருந்தார். கிட்டார் கம்பிகளை விரல் விரலாக மீட்டும் நாட்டுப்புறப் பாணியை ஜான் அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். உலகத்தையே ஆட்டிவைத்த மனிதர், 27 வயதில், இன்னொருவர் முன்னால் சம்மணம் போட்டு விரல் வைக்கப் பழகுகிறார். 'டியர் புரூடன்ஸ்', 'ஜூலியா' இரண்டிலும் அந்த விரல் ஓட்டம் கேட்கும். ஜூலியா என்பது பதினேழு வயதில் அவர் பறிகொடுத்த அம்மாவின் பெயர்.

புத்தகத்தில் நான் அதிக நேரம் நின்றது படி ஒன்றில் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியும் ஜானும் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கும் படங்களில். பக்கத்தில் நால்வரில் இன்னொருவரான ரிங்கோ. அப்போது இருவரும் 'ஓப்லடி ஓப்லடா' பாட்டின் பல்லவியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சால்ட்ஸ்மன் நினைவுகூர்கிறார். பல்லவி மட்டும்தான் ஆகியிருந்தது. மிச்சத்துக்கு வார்த்தை இல்லை. அந்தப் பல்லவியை எழுதிய துண்டுத்தாள் காற்றில் பறந்துவிடாமல் இருக்க பால் அதைச் செருப்பு முனையால் மிதித்துக்கொண்டிருந்தாராம்.

இந்தச் செருப்பு முனையை என்னால் மறக்க முடியவில்லை. பின்னாளில் இந்தப் பாட்டைக் கோடிக்கணக்கானவர்கள் முணுமுணுத்தார்கள், பள்ளிக்கூடங்களில் பாடினார்கள், ஜானே இந்தப் பாட்டின்மேல் எரிச்சல்பட்டார். அதெல்லாம் பிறகு. அந்த நிமிஷத்தில் அது கிழிந்த தாளில் இரண்டு வரி. மேஜை இல்லை, பேப்பர்வெயிட் இல்லை, கால்தான் இருக்கிறது.

இப்போது என் பொறுப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்த இதழில் இத்தனை வருஷமாக எழுத்தாளர்கள், இசைக்கலைஞர்கள் என்று எத்தனையோ பேரைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறோம். புகைப்படக்காரர் கிளம்பும்போது நான் சொல்லி அனுப்புவது ஒரே வாசகம்: எழுதுகிற மாதிரி எடுத்துக்கொண்டு வாங்க. எழுத்தாளர் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்ப்பார். பாடகர் தம்பூராவை அணைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். சில வருஷத்துக்கு முன் ஒரு மூத்த கதாசிரியர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் பாட்டுக்கு முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை எழுப்பி, சட்டை மாற்றச் சொல்லி, புத்தக அலமாரிக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்தோம். அட்டைப்படம் பளிச்சென்று வந்தது. இதழ் கிடைத்ததும் போன் செய்தார். அன்றைக்கு மொச்சை உரிக்கும்போது ஒரு கதையின் முடிவு கிட்டத்தட்ட வந்துவிட்டது, நீங்கள் வந்து எழுப்பியதில் போயே போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்ததால் எனக்கு இன்னும் சங்கடம்.

சால்ட்ஸ்மன் செய்யாதது இதைத்தான். அவரை யாரும் வேலைக்கு அனுப்பவில்லை, அவருக்கு அட்டைப்படம் தேவைப்படவில்லை. எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுத்தார், கொஞ்சம் எடுத்ததும் கேமராவை உள்ளே வைத்துவிட்டார். மற்ற நேரமெல்லாம் அவர்களோடு உட்கார்ந்திருந்தார். காதலியின் கடிதத்தைப் பற்றி ஜானிடம் சொன்னதாகவும், காதல் இன்னொரு வாய்ப்பு தரும் என்ற பொருளில் ஜான் ஆறுதல் சொன்னதாகவும் எழுதுகிறார். அப்போது ஜான் பக்கத்தில் மனைவி சிந்தியா இருக்கிறார். அதே நாட்களில் லண்டனிலிருந்து, ஜான் பின்னால் மணந்துகொண்ட யோகோ ஓனோவின் கடிதங்கள் ஜானுக்கு வந்துகொண்டிருந்தன, காலையில் முதல் வேலையாக அவர் போய் அவற்றை வாங்கிக்கொள்வார் என்று சிந்தியா பிற்பாடு எழுதினார். படத்தில் அது இல்லை. பாலும் ஜேன் ஆஷரும், ஜார்ஜும் பேட்டி பாய்டும், ரிங்கோவும் மௌரீனும், ஜானும் சிந்தியாவும் என்று நாலு ஜோடிகள் ரிஷிகேஷுக்குப் போனார்கள். ஒன்றுகூட நிலைக்கவில்லை. அது தெரிந்து பார்க்கும்போது, வெயிலில் சிரிக்கும் அந்த முகங்களைச் சீக்கிரம் புரட்ட முடிவதில்லை.

குரூப் போட்டோவும் ஒன்று உண்டு. உலகம் முழுக்கத் தெரிந்த படம் அது: நடுவில் மகரிஷி, சுற்றி சீடர்கள், எல்லோர் கழுத்திலும் சாமந்தி மாலை. யார் எங்கே உட்காரவேண்டும் என்று மகரிஷியே ஏற்பாடு செய்தார். நம் பள்ளிக்கூட குரூப் போட்டோவில் தலைமையாசிரியர் நடுவில் உட்கார்வது நினைவுக்கு வரும். எனக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. படியில் எடுத்தவை போதும்.

குறையும் சொல்ல வேண்டும் அல்லவா? தொழில்முறைப் புகைப்படக்காரரின் கச்சிதம் இவற்றில் கிடையாது. ஒளியைச் செதுக்கி வைத்த படங்களை எதிர்பார்ப்பவர்களுக்கு இது பெரிய விருந்து இல்லை. எழுத்திலும் ஆன்மிக நெகிழ்ச்சி ஒரு சிட்டிகை கூடுதல். அந்த வாசத்தின் முடிவு கசப்பானது என்பதையும் அதே வெயில் வெளிச்சத்தில் பார்க்க முடியாது. காரம் ஒத்துக்கொள்ளாத ரிங்கோ, பெட்டி நிறைய டின் பீன்ஸ் கொண்டுவந்தும், பத்து நாளில் கிளம்பிவிட்டார். பால் மார்ச் கடைசியில். ஜானும் ஜார்ஜும் ஏப்ரலில், மகரிஷியைப் பற்றிய வதந்தியை நம்பி, கோபத்தோடு. அந்தக் கோபத்திலும் ஜான் ஒரு பாட்டு எழுதிவிட்டார்.

ஊருக்குத் திரும்பி மே மாதம் இங்கிலாந்தின் எஷரில் ஜார்ஜின் வீட்டில் கூடினார்கள். கையில் இருந்த பாட்டுகளை நாலு தட டேப் ரெக்கார்டரில், பெரும்பாலும் மரக்கிட்டார்களோடு, பாடிப் பதிந்து வைத்தார்கள். அது மொத்தமாக 2018இல்தான் அதிகாரபூர்வமாக வெளியானது. இந்தப் புத்தகம் கிடைப்பவர்கள் படங்களைத் தனியாகப் பார்க்காதீர்கள், அந்தப் பதிவுகளைப் போட்டுவிட்டுப் புரட்டுங்கள். யாரோ சிரிப்பார், யாரோ தாளம் தட்டுவார். படியில் ஊமையாக இருந்தவர்களுக்குக் குரல் வந்துவிடும்.

1968 நவம்பர் 22 அன்று 30 பாட்டுகளோடு இரட்டைத் தட்டு வெளிவந்தது. ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் வடிவமைத்த மேலட்டையில் படமே கிடையாது. வெறும் வெள்ளை. குழுவின் பெயர் மட்டும் அச்சில் புடைத்து நிற்கும், ரேஷன் கார்டு மாதிரி ஒரு வரிசை எண் இருக்கும். படங்கள் உள்ளே. 'வெள்ளை ஆல்பம்' என்றே பெயராகிவிட்டது.

ஆசிரமம் பிறகு கைவிடப்பட்டுக் காடு மூடியது. இப்போது ராஜாஜி புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 2015இல் வனத்துறை பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். கல்லால் கட்டிய முட்டை வடிவத் தியானக் குடில்கள் இன்னும் நிற்கின்றன.

அடுத்த இதழுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஏதாவது ஒன்றைச் செய்யத் தெரிந்தவர் இருப்பார்: கோலம் போடுகிறவர், நாதஸ்வரம் வாசிக்கிறவர், தச்சர், தையல்காரர், கணக்கு வாத்தியார், கவிதை எழுதுகிற பையன். அவர்கள் அந்த வேலையைச் செய்யாமல் சும்மா இருக்கும்போது எடுத்த படம் ஒன்று அனுப்புங்கள். பழைய படம் என்றால் இன்னும் நல்லது. ஆல்பத்தில் பசையோடு ஒட்டிக் கிடந்தால் பிய்க்க வேண்டாம், ஆல்பத்தோடு அப்படியே போனில் படமெடுத்து அனுப்பினால் போதும். யார், எங்கே, என்ன யோசித்துக்கொண்டிருந்தார் என்று நாலு வரி எழுதுங்கள். நாலு வரி என்றால் நாலு வரி. இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். நமது புகைப்படக்காரருக்கும் புது உத்தரவு போயிருக்கிறது: இனி யாரையும் சட்டை மாற்றச் சொல்லக் கூடாது.

கோவை நண்பருக்கு: புத்தகம் திங்கட்கிழமை கூரியரில் கிளம்புகிறது. நீங்கள் சுற்றிய அதே பிரவுன் தாள், அதே சணல் கயிறு. எழுபதாம் பக்கத்துக்கு அப்புறம் ஒரு பக்கத்தின் ஓரம் லேசாக மடங்கியிருக்கும். அது பேத்தி செய்த வேலை. மின்விசிறிக் காற்றில் புரண்டுகொண்டிருந்ததாம், அதனால் காலால் மிதித்துக்கொண்டாளாம்.

அன்புடன்,
ஆசிரியர்